கடைசிவரைக்கும் கேட்டனான்

என் கையெழுத்து கோழி கிண்டின மண் மாதிரி இருக்கும். எந்த இடத்தில் எந்த ர, எந்த ன என்பதும் எனக்கு நிச்சயமில்லை. மன்னாரில் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுக் கடலுக்குப் போனவன் நான், பொறுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் மாதா கோயிலில் தமிழ் வாசகம் வாசிக்கிற ஒருவர் இதைப் பிழை திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். எழுத்தை அவர் எவ்வளவும் திருத்தட்டும். நடந்ததைத் திருத்தக் கூடாது என்று மட்டும் கேட்டிருக்கிறேன்.

மெல்பேர்னின் மேற்கே, ட்ருகனினாவில் ஒரு பெரிய சாமான் கிடங்கில் எனக்கு வேலை. சாமான் அடுக்கித் தூக்குகிற மரத்தட்டைப் பலட் என்பார்கள். உடைந்த பலட்டுகளைப் பிரித்து, நல்ல பலகையை எடுத்து, மறுபடி ஆணி அடிப்பேன். ஆட்களோடு அதிகம் பேசத் தேவையில்லாத வேலை என்பதால் எனக்குப் பிடித்தது. சாப்பாட்டு நேரத்திலும் கடைசி மேசையில்தான் இருப்பேன். அந்த மேசைக்கு வருகிற இன்னொரு ஆள், பெட்டி கட்டுகிற பகுதியில் வேலை செய்யும் ஒரு பெண். தென் சூடானில் இருந்து வந்தவர். என் வயதுதான் இருக்கும், என்னைவிட ஒரு சாண் உயரம். நான் சாப்பாட்டைத் திறந்தால் கருவாட்டு மணத்துக்கு மற்றவர்கள் எழும்பிப் போய்விடுவார்கள். அவர் போகமாட்டார்.

"எங்கட வீட்டிலயும் காய்ஞ்ச மீன்தான், பிரதர்," என்பார்.

அவர் பேசுவது இங்கிலீஸ். ஆனால் இத்தனை வருடம் கேட்டுக் கேட்டு, என் காதில் அது எங்கள் ஊர்ப் பேச்சாகத்தான் விழுகிறது. அப்படியே எழுதுகிறேன்.

ஒரு நாள் அவர் கேட்டார், "பிரதர், எங்களுக்கு ஒரு நீளமான வாங்கு செய்து தருவீங்களோ? அஞ்சு பேர் இருக்கோணும். ஆசுபத்திரியில காத்திருக்கிற இடத்தில கிடக்குமே, அது மாதிரி."

மேற்கு மெல்பேர்னில் இருக்கிற ஆப்பிரிக்கப் பெண்கள் சிலர் சேர்ந்து நாடகம் போடுகிறார்கள் என்று அப்போதுதான் எனக்குத் தெரியும். கழிவுப் பலட் பலகையை எடுக்க மேற்பார்வையாளரிடம் அனுமதி வாங்கி, வீட்டுக் கராஜில் வைத்துச் செய்தேன். ஞாயிறு பின்னேரம் அவர்கள் ஒத்திகை பார்க்கிற சமூக மண்டபத்துக்கு என் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். வைத்துவிட்டுத் திரும்ப நினைத்தேன். விளக்கை ஏற்றி இறக்க ஆள் இல்லை என்று நாடகத்தை நடத்துகிற இளம் பெண் என்னைப் பிடித்து இருத்திவிட்டார். ஒரு தகரப் பெட்டி, அதில் ஒரு பிடி. மேலே தள்ளினால் வெளிச்சம், கீழே இழுத்தால் இருட்டு. பேசத் தேவையில்லை. நான் ஒத்துக்கொண்டேன்.

அதில் கதை என்று ஒன்று கிடையாது. ஐந்து பெண்களும் வாங்கில் இருப்பார்கள். ஒருத்தர் எழும்பித் தன் வாழ்க்கையைக் கவிதையாகச் சொல்வார். சொல்லி முடித்து இருந்ததும் ஐந்து பேரும் குதிக்காலால் வாங்கின் அடிப்பலகையை ஒன்றாக உதைப்பார்கள். நல்ல பறை மாதிரிச் சத்தம் வரும். பிறகு அடுத்தவர். ரயிலில் யாரென்றே தெரியாத ஆட்கள் தன் தலைமயிரைத் தொட்டுப் பார்ப்பதை ஒருத்தி சொன்னாள். பெயரைப் பார்த்ததுமே வேலை இல்லை என்று சொல்லப்பட்டதை இன்னொருத்தி. அவள் தன் பெயரை நூறு விதமாகப் பிழையாகச் சொல்லிக் காட்டும்போது எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கு முழுவதும் விளங்காது. விளங்கினதே போதுமானதாக இருந்தது.

கடைசியாக எழும்புவது என் மேசைக்காரி. அவருடைய கவிதை செத்துப்போன மகளைப் பற்றியது.

பத்தொன்பது வயது. இழுப்பு வருத்தம். மூச்சு விட முடியவில்லை என்று ஆசுபத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார். கன நேரம் காத்திருக்க வைத்து, மருந்து கொடுத்து, வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். இவர் எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. "தாங்க் யூ" என்று சொல்லிவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். விடிய மகளுக்கு மூச்சு இல்லை.

மகன் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை. அன்றைக்கு அவனும் கூடப் போயிருந்தான். தண்ணீர் போத்தல் வாங்கப் போய்த் திரும்பி வந்தபோது தாய் தலையை ஆட்டி ஆட்டி நன்றி சொல்வதைத்தான் கண்டான். "நீ ஏன் கத்தேல்லை?" என்று செத்த வீட்டிலேயே கேட்டானாம். வளர்ந்ததும் சிட்னிக்குப் போய்விட்டான். குவேக்கர்ஸ் ஹில் பக்கம் அறை எடுத்துக்கொண்டு, ரோட்டு வேலை. தாயோடு பேச்சு இல்லை.

கவிதையின் முடிவில் அவனுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. ஒத்திகையில் கேட்டிருக்கிறேன். அவர் கத்தத்தான் எழும்பினார். மகள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, கத்தாதே. கறுப்புப் பொம்பிளை கத்தினால் டொக்டர் வரமாட்டார், செக்கியூரிட்டிதான் வருவான்," என்றாள். அதற்குப் பிறகு வருகிற கடைசி வரி எனக்குப் பாடம்: என் பிள்ளை என்னிடம் கடைசியாகக் கேட்டது அது ஒன்றுதான், நான் கொடுத்தேன்.

"இதை நீங்கள் மகனிட்டச் சொல்லேல்லையோ?" என்று மேசையில் ஒரு நாள் கேட்டேன். நான் பிறரிடம் இப்படிக் கேட்கிறவன் இல்லை.

"சொல்லத் துடங்கினா எழும்பிப் போடுவான். போன்ல எண்டா வெட்டிப்போடுவான். முதல்ல எனக்கும் வாய் வரேல்லை, பிரதர். செத்த பிள்ளையில பழியைப் போடுற மாதிரி இருந்தது." பெட்டியை மூடினார். "நாடகத்துக்கு வாறானாம். இப்பதான் மெசேஜ் போட்டவன். மேடையில நிண்டு சொன்னா, பாதியில எழும்பிப் போகமாட்டான் தானே?"

"மாட்டான்," என்றேன். எனக்கு என்ன தெரியும்.

டிக்கெட் போகவில்லை. காலியாய்க் கிடக்கிற கதிரைகளைப் பார்த்து யார் வாய் திறப்பார்கள் என்று நடத்துகிற பெண் கவலைப்பட்டார். வீட்டில் இதைச் சொன்னேன். மனைவி தமிழ்ப் பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நின்று ஆள் சேர்த்தாள்.

"கறுவலுகளின்ர நாடகமோ? எங்களுக்கென்ன விளங்கப்போகுது?" என்று ஒருத்தி கேட்டாள்.

"வரமுதல் கண்ணாடியில ஒருக்கா முகத்தைப் பாத்திட்டு வாரும். எல்லாம் விளங்கும்," என்றாள் என் மனைவி.

மற்றவர்கள் சிரித்தார்கள். அந்தக் கூட்டத்தில் வயதில் மூத்த அன்ரி சிரிக்கவில்லை. "பிள்ளையைப் பறிகுடுத்த தாய் பேசப்போறாள் எண்டா நாங்கள் போகத்தானே வேணும்," என்றார். அவர் சொன்னதால் எல்லோரும் வந்தார்கள். சீலை உடுத்து, ஒரு பெட்டி ரோல்ஸும் செய்து எடுத்துக்கொண்டு, முன் வரிசை முழுவதையும் பிடித்து இருந்தார்கள்.

நாடகம் சனிக்கிழமை பகல். ஒரே ஒரு தரம்தான் மெல்பேர்னில். தொடங்க முதல் என் மேசைக்காரி திரைக்குப் பக்கத்தில் நின்று எனக்கு விரலால் காட்டினார். கதவுக்குக் கிட்டக் கடைசிக் கதிரையில் உயரமான பொடியன் ஒருவன். விமானத்தால் இறங்கி நேரே வந்திருக்க வேண்டும். பை மடியில் இருந்தது.

"அவன்தான்," என்றார்.

முன்னால் நான்கு பேருடையதும் நன்றாகப் போனது. பெயர்க் கவிதைக்கு எங்கள் பெண்கள்தான் கூடச் சிரித்தார்கள். பிறகு அவர் எழும்பினார். ஆசுபத்திரி மேசையைச் சொன்னார். காத்திருந்ததைச் சொன்னார். தன் குரலை மடித்துக் கைப்பைக்குள் வைத்ததைச் சொன்னார். தாங்க் யூ சொன்னதைச் சொன்னார். விடிந்ததைச் சொன்னார். மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக் காட்டவேண்டிய இடம் அது. கூப்பிட்டார். ஒத்திகையில் ஒரு நாளும் உடையாத குரல் அதில் உடைந்தது.

மூத்த அன்ரி எழும்பினார். மேடை ஓரத்தில் செருப்பைக் கழற்றி வைத்தார். படியேறிப் போய் அவரைக் கட்டிப்பிடித்தார்.

எங்கள் பக்கத்தில் இது வழக்கம். பிள்ளையின் பெயரைச் சொல்லி ஒரு தாய் குரல் உடைந்தால், பார்த்துக்கொண்டு கதிரையில் இருக்கிறவள் பெண் இல்லை. அடுத்ததாக என் மனைவி போனாள். பிறகு கோயில் வாசலில் கறுவல் என்றவள். எல்லாச் செருப்பும் மேடை ஓரத்தில் கிடந்தது. அவரை நடுவில் வைத்து, தோளில் தலை சாய்த்து, அன்ரி ராகம் எடுத்துவிட்டார். "என்ர தங்கமே, இதை எந்தக் கடலில கொண்டுபோய்க் கரைப்பாய்?" என்று தமிழில் அழுதார். அவருடைய நெற்றி அந்த உயரமான பெண்ணின் மார்பளவுதான் வந்தது.

பின்னால் இருந்த வெள்ளைக்காரர்கள் இதுவும் நாடகம்தான் என்று நினைத்தார்கள். ஒருவர் எழும்பிக் கை தட்டினார். எல்லோரும் எழும்பித் தட்டினார்கள். நடத்துகிற பெண் என்ன செய்வது என்று தெரியாமல் என்னைப் பார்த்து வெளிச்சத்தை இறக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். நான் பிடியை இழுத்தேன். மறுபடி வெளிச்சம் ஏற்றியபோது கதவுக்குக் கிட்டக் கடைசிக் கதிரை வெறுமையாக இருந்தது.

அவன் தனக்கு முன்பே தெரிந்ததை மட்டும் கேட்டுவிட்டுப் போயிருந்தான். தாய் நன்றி சொன்னாள், பிள்ளை செத்தது. அவ்வளவுதான்.

எங்கள் பெண்கள் குசினிப் பக்கம் போய் ரோல்ஸ் பெட்டியைத் திறந்து எல்லோருக்கும் கொடுத்தார்கள். கண் வீங்கி, முகம் நிறைந்து நின்றார்கள். நல்லது செய்த முகம். நான் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டு மகனின் விசயத்தைச் சொன்னேன். கையில் இருந்த தட்டை வைத்துவிட்டு அவள் வானுக்குள் போய் இருந்தாள். வீடு வரும்வரை ஒரே வசனம்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். "எனக்கு ஏன் நீர் முதல்ல சொல்லேல்லை?"

சொல்லவேண்டிய கதை என்னுடையது இல்லை என்று நினைத்திருந்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை.

திங்கட்கிழமை மேசையில் அவர் எங்களில் கோபப்படவில்லை. "என்ர மகள் செத்தபோது இந்த நாட்டில ஒருத்தரும் என்னை அப்பிடிப் பிடிக்கேல்லை," என்றார். "எனக்கு அது தேவையாத்தான் இருந்தது. ஆனா அண்டைக்கு இல்லை, பிரதர். அண்டைக்கு இல்லை."

மகனுக்கு மெசேஜ் போட்டிருக்கிறார். பதில் இல்லை.

சில மாதம் கழித்துச் சிட்னியின் மேற்குப் பக்கம் ஒரு மண்டபத்தில் அதே நாடகத்தைப் போடக் கூப்பிட்டார்கள். வாங்கை வானில் ஏற்றினேன். மனைவியும் வந்தாள். நாள் முழுக்க ஓட்டினேன். வானுக்கு எண்ணெய் அடிக்க நின்ற ஒரு இடத்தில், "நான் உள்ளுக்கு வரேல்லை. வெளியில நிக்கிறன்," என்றாள்.

"நீர் உள்ளுக்கு வந்து இருக்கோணுமாம். அவதான் சொல்லச் சொன்னவ."

"ஏனாம்?"

"தெரியாது. சொன்னவ."

நாடகம் தொடங்க முதல் நடத்துகிற பெண் மேடையில் வந்து, என்ன நடந்தாலும் தயவுசெய்து எல்லோரும் இருக்கையில் இருங்கள் என்று சொன்னார். மனைவி நிலத்தைப் பார்த்தாள். இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் இருந்தாள்.

மகன் வருவதாகச் சொல்லவில்லை. வெளிச்சப் பெட்டி இங்கே பின்சுவரோடு இருந்ததால் எனக்குக் கதவு தெரியும். நான்காவது பெண் சொல்லிக்கொண்டிருக்கும்போது கதவு திறந்தது. வேலை உடுப்போடு, மஞ்சள் மேலாடையைச் சுருட்டிக் கையில் பிடித்தபடி வந்தான். கதிரை காலியாய்க் கிடந்தது, அவன் அதில் இருக்கவில்லை. சுவரில் சாய்ந்து நின்றான்.

தாய் எழும்பினார். அவனைக் கண்டுவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது, ஏனென்றால் தொடக்கத்தையே பிழையாகத் தொடங்கித் திரும்பவும் தொடங்கினார். காத்திருந்தது. குரலை மடித்தது. தாங்க் யூ. விடிந்தது. மகளின் பெயர். கூப்பிட்டார். அதே இடத்தில் அதே மாதிரி உடைந்தது.

ஒருத்தரும் எழும்பவில்லை. எழும்பக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தோமே. அவர் கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு நின்றார். இருட்டாக்கிவிடலாமா என்று யோசித்தேன். முன் வரிசையில் இருந்த என் மனைவியை அவர் குனிந்து பார்த்தார். மனைவி கையை எடுக்கவில்லை. முதுகு மட்டும் ஆடியது. ஒரு மனிசி தனியாக நின்று அழுவதைப் பார்த்துக்கொண்டு இவ்வளவு பேர் சும்மா இருந்ததை நான் அதற்கு முதல் கண்டதில்லை.

பிறகு அவர் மூக்கைப் புறங்கையால் துடைத்துவிட்டு, மிச்சத்தைச் சொன்னார். மணிக்கட்டைப் பிடித்ததை. கத்தாதே என்றதை. செக்கியூரிட்டியை. கடைசி வரியை. கவிதை மாதிரிச் சொல்லவில்லை. மேசையில் எனக்குச் சொல்லுகிற குரலில் சொன்னார். அவர் வாங்கில் இருந்ததும் ஐந்து பேரும் உதைக்கவேண்டும். நான்கு பேர்தான் உதைத்தார்கள்.

மகன் அசையாமல் நின்றான். கை தட்டினார்கள். அவன் தட்டவில்லை. வெளியே போனான்.

நான் வாங்கை ஏற்றிக் கயிறு போட்டுக்கொண்டிருந்தேன். கார் நிறுத்துகிற இடத்தில் வெயில் இன்னும் இருந்தது. பின்னால் அவன் குரல் கேட்டது.

"வாங்கு செய்தது நீங்களோ?"

"ஓம்," என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன்.

"கடைசிவரைக்கும் கேட்டனான் எண்டு அவவிட்டச் சொல்லுங்கோ."

நான் தலையை ஆட்டினேன். முடிச்சு நழுவப் பார்த்தது, அதைப் பிடித்து இறுக்கினேன். திரும்பிப் பார்த்தபோது அவன் காருக்குள் இருந்தான். கொஞ்ச நேரம் காரை எடுக்காமல் இருந்தான். பிறகு போய்விட்டான்.

தாய் வெளியே வந்து நாலு பக்கமும் பார்த்தார். சொன்னேன். அவர் வானின் பின்பக்கத்தில், வாங்கின் நுனியில் இருந்தார். மனைவி வந்து பக்கத்தில் இருந்தாள். இப்போது கட்டிப்பிடிக்கலாம், ஒருவரும் தடுக்கமாட்டார்கள். ஆனால் அவள் தொடவில்லை. தொடுவதற்கு இருந்த துணிவு அவளிடம் போய்விட்டது என்று நினைக்கிறேன்.

"எப்பிடிச் சொன்னவன்?" என்று அவர் என்னைக் கேட்டார்.

"கடைசிவரைக்கும் கேட்டனான் எண்டு."

"அது சரி. எப்பிடிச் சொன்னவன்?"

அன்றிலிருந்து இன்றுவரை இதைத்தான் கேட்கிறார். மகன் அழைக்கவில்லை, மெசேஜுக்குப் பதில் இல்லை. அவரிடம் இருப்பது நான் கொண்டுவந்த அந்த ஒரு வசனம்தான். சாப்பாட்டு நேரத்தில் பெட்டியைத் திறந்ததும், "பிரதர், கோபமாவோ?" என்பார். இல்லை என்பேன். "மெதுவாவோ?" என்பார். மெதுவாக என்று ஒரு நாள் சொல்லிவிட்டேன். அடுத்த நாள் அதில் இருந்து தொடங்கினார். "மெதுவா எண்டா, தொண்டை அடைச்ச மாதிரியோ?" நான் சோற்றைப் பிசைந்தேன். போன கிழமை, "அவன் அழுதிருப்பான், நீங்கள் எனக்காக மறைக்கிறீங்கள்," என்றார். நான் இல்லை என்று சொல்லவில்லை.

வீட்டில் மனைவி, "ஓம் அழுதவன் எண்டு சொன்னா உமக்கென்ன குறைஞ்சு போச்சு? அவவுக்கு அது காணும்," என்றாள்.

"அவன் தந்துவிட்டது அவ்வளவுதான்."

"தந்ததை அப்பிடியே குடுக்க நீர் என்ன தபால்காரனோ?"

"அவன் ஒரு நாளைக்கு அழைச்சா? அம்மா, நான் அழேல்லை எண்டு சொன்னா?"

அவள் விளக்கை நிறுத்திவிட்டுப் படுக்கப் போனாள். அவள் சொல்வதும் பிழை இல்லை. தாயை அன்றைக்குக் கட்டிப்பிடித்தவள் அவள். தனியாக நிற்க விட்டவளும் அவள்தான். இரண்டின் கனமும் அவளில் இருக்கிறது.

ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது. அந்த வசனம் என் வாயில் நாளுக்கு நாள் இளகுகிறது. இன்னும் கொஞ்சக் காலம் போனால் அவன் கண்ணீரோடு நின்றதாக நானே நம்பிவிடுவேன். அதனால்தான், எழுதத் தெரியாதவன் எழுத இருந்தேன். வாயால் சொல்ல எனக்குத் தைரியம் வராது. இதைத் திருத்தி, இங்கிலீசிலும் எழுதி வாங்கி, அவரிடம் கொடுக்கப்போகிறேன்.

நடந்தது இதுதான். அவன் குரல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஒரு தரம்தான் சொன்னான். நான் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை.

ட்ருகனினா,
2024 ஆகஸ்ட் 18, ஞாயிற்றுக்கிழமை